சுவையும் நீதியும்: அமெரிக்க விஸ்கி பற்றிய ஓர் அறவியல் நோக்கு

ஒரு பொருளின் சிறப்பை மதிப்பிடுவதற்கு அதன் சுவையை மட்டும் அறிந்தாற் போதுமா, அன்றி அதனை ஆக்கியோர் யாவர் என்பதையும் அறிதல் வேண்டுமா என்பது அறவியலில் எழும் ஒரு வினாவாகும். மதுவருந்துதல் தகுமா என்பது வேறொரு வினா. அது இங்கு ஆராயப்படவில்லை. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் வடிக்கப்படும் விஸ்கி வகைகளின் வரலாறு முன்னைய வினாவைத் தெளிவுபடுத்துதற்கு ஏற்றதொரு சான்றாக அமைகின்றது.

இவ்வகைகளுக்கிடையேயுள்ள வேறுபாடு முதற்கண் தானியத்தினால் எழுவது. போர்பன் விஸ்கியின் தானியக் கலவையில் 51 சதவீதத்துக்குக் குறையாது சோளம் இருத்தல் வேண்டும். அதனால் அதிற் சோளத்தின் இனிமை மேலோங்கும். ரை என்னும் தானியத்தை அதேயளவிற் கொண்ட ரை விஸ்கியோ மிளகையும் கராம்பையும் நினைவூட்டும் காரமுடையது. போர்பனில் ரைக்குப் பதிலாகக் கோதுமை துணைத் தானியமாகச் சேரின் சுவை மென்மையாகும்.

இரண்டாவது காரணம் மரம். இவ்விரு வகைகளும் உட்புறம் கருக்கப்பட்ட புதிய ஓக்குமரக் கலங்களில் வைக்கப்படல் வேண்டும் என்பது சட்டம். தீயினால் மரத்திலுள்ள இலிக்னின் சிதைந்து வனிலினைத் தருகின்றது. மரத்தின் வெல்லப் பொருள்கள் கருகிக் காய்ச்சிய சீனியின் மணத்தைத் தருகின்றன. பழைய பீப்பாவிலோ கருக்காத பீப்பாவிலோ வைக்கப்படும் சோள விஸ்கியில் இம்மணம் குன்றித் தானியத்தின் மணமே மேலெழும். ரெனசி மாநிலத்தார், வடித்த மதுசாரத்தைப் பீப்பாவில் இடுமுன் சீனி மேப்பிள் மரக்கரியினூடாகச் சிறிது சிறிதாகச் செலுத்துவர். கரி சில கூறுகளை ஈர்த்துக்கொள்வதால் அது மென்மை பெறுகின்றது. 2013ஆம் ஆண்டில் அம்மாநிலம் ஒரு வடிசாலைக்கு மட்டும் விலக்களித்து இம்முறையைச் சட்டமாக்கியது.

பயின்ற நா இவ்வேறுபாடுகளைப் பெரும்பாலும் இனங்காணும். எனினும் நாவை ஏமாற்றவும் கூடும். 19ஆம் நூற்றாண்டில் வெறும் மதுசாரத்துக்கு நிறமும் மணமும் ஊட்டி விஸ்கியென விற்ற வணிகர் பலர். ஆகவே 1897ஆம் ஆண்டுச் சட்டம், ஒரே வடிசாலையில் ஒரே பருவத்தில் வடிக்கப்பட்டு, அரச மேற்பார்வையில் நான்காண்டுகளேனும் முதிர்ந்த விஸ்கிக்கு அரசின் உறுதியை வழங்கிற்று. 1909இல் சனாதிபதி ராப்ற், விஸ்கி என்னும் சொல்லின் பொருளையே தீர்த்துவைக்க நேர்ந்தது. 1964இல் காங்கிரஸ், போர்பனை நாட்டின் தனித்துவமான பொருளெனப் பிரகடனம் செய்தது. இவை அருந்துவோனுக்கும் நேர்மையான வணிகனுக்கும் உரிய நீதியைக் காப்பன. ஆக்கியோனுக்குரிய நீதி இவற்றில் இடம்பெறவில்லை.

ரெனசியின் லிஞ்ச்பேர்க் பகுதியில் டான் கோல் என்னும் போதகருக்கு ஒரு வடிசாலை இருந்தது. அங்கு தொழிலில் தேர்ந்தவராய் விளங்கியவர் நியரெஸ்ற் கிறீன் என்ற, அடிமைப்படுத்தப்பட்ட கறுப்பின மனிதர். இளைஞரான ஜக் டானியலுக்கு வடிதொழிலைக் கற்பித்தவர் அவரே. 1865இல் அடிமைமுறை ஒழிந்தபின் டானியலிடம் தலைமை வடிப்பாளராகவும் அவர் பணியாற்றினார். உலகெங்கும் பரவியதோ மாணவரின் பெயர். 1967இல் வெளிவந்த டானியலின் வாழ்க்கை வரலாறு கிறீனைக் குறிப்பிட்டிருந்தும், நிறுவனம் அவரது பங்கைப் பரவலாக எடுத்துரைக்க முற்பட்டது 2016ஆம் ஆண்டிலேயாகும். மறுபுறம், பீப்பாவைக் கருக்கும் முறையைக் கண்டவர் எலைஜா கிறேய்க் என்னும் போதகர் என்ற கதை தக்க சான்றின்றியே நெடுங்காலம் நிலவிற்று.

இவற்றை அறிவதாற் சுவை மாறிவிடுமா எனச் சிலர் வினவலாம். மாறாது. கிறீனின் பெயரை அறிந்தவனுக்கும் அறியாதவனுக்கும் கரியின் பயன் ஒன்றே. ஆயின் பாராட்டு என்பது சுவையுணர்வன்று. 'இனிது' என்பது பொருளைப் பற்றிய கூற்று. 'இன்னார் நன்கு ஆக்கினார்' என்பது மனிதரைப் பற்றிய கூற்று. பின்னையது உண்மையாதற்கு நாவின் சான்று போதாது. பாராட்டு உழைத்தவருக்குச் செலுத்தவேண்டிய கடனெனின், அதனைப் பிறரொருவரிடம் செலுத்துவதால் அக்கடன் தீர்ந்துவிடுவதில்லை.

ஒவ்வொரு பொருளின் பின்னும் பெயரறியாக் கைகள் பலவுள. அனைவரையும் அறிதல் எங்ஙனம் என்பது அடுத்த தடை. இயலாததை அறம் வேண்டுவதில்லை. ஆயின் ஒருவரின் பெயரால் ஒரு பொருளைப் புகழும்போது, அப்புகழுக்குரிய ஏனையோரை அறியச் சான்றிருப்பின் அதனை நோக்குதல் கடமையாகும். அறிய இயலாமை பொறுத்தற்குரியது. அறியக்கூடியதைக் கவனியாது விடுதல் அத்தகையதன்று.

பெயரை மீட்பதால் அடிமைமுறையின் அநீதி ஈடுசெய்யப்பட்டுவிடாது. பறிக்கப்பட்ட உழைப்பின் கூலி திரும்பிவராது. எனினும் உரியவரை மறைத்து நிற்கும் புகழ் அவ்வநீதியைப் பின்வருந் தலைமுறைகளிலும் தொடரச் செய்கின்றது. அத்தொடர்ச்சியை நிறுத்துதல் இன்று வாழ்வோரால் இயலுவது. ஆதலின் அது அவர்தம் கடமையுமாகும்.