தனிமையானவர்களுக்கு வீடு தருகிற தேவன்

தியான பகுதி: சங்கீதம் 68:5, 6

 

பிள்ளை பாக்கியத்திற்காக ஜெபம் என்று அறிவித்தவுடனே யார் முன்னே வருகிறார்கள்? கல்யாணமான தம்பதிகள். அன்னாளைப் பற்றியும் சாராளைப் பற்றியும் எலிசபெத்தைப் பற்றியும் பிரசங்கிக்கிறோம். அடுத்த வருஷம் கையில் குழந்தையோடு சாட்சி சொல்ல வருகிறவர்களைப் பார்த்து அல்லேலூயா சொல்லுகிறோம். கர்த்தருக்கே மகிமை! ஆனால் அதே கூட்டத்தில் கல்யாணமாகாத ஒரு சகோதரியும் உட்கார்ந்திருக்கிறாள். அவளுக்கும் அந்த ஏக்கம் இருக்கிறது. அவள் எந்த ஜெப வரிசையில் போய் நிற்பாள்? யோசிச்சுப் பாருங்க.

எங்கள் சபை சகோதரி ஒருவர் என்னிடத்தில் வந்து, "பாஸ்டர், என் கல்யாணத்துக்கு ஜெபிச்சது போதும். எனக்கு ஒரு பிள்ளைக்காக ஜெபிப்பீங்களா?" என்று கேட்டார்கள். வயது 41. நர்ஸ் வேலை. தகப்பனார் சீக்கிரமே மரித்துப்போனதால் இரண்டு தம்பிமாரைப் படிக்கவைத்து, கல்யாணம் பண்ணிவைத்து, தாயாரைக் கடைசி நாள் வரைக்கும் பார்த்தவர்கள். வந்த வரன்கள் ஒவ்வொன்றாய்த் தட்டிப்போயிற்று. இப்போது ஒரு பிள்ளையைத் தத்தெடுக்க வேண்டும் என்பது அவர்கள் வாஞ்சை. இதை அவர்கள் அனுமதியோடுதான் எழுதுகிறேன்.

1. ஏக்கம் பாவமல்ல

"கர்த்தர் போதும்னு இருக்கணும், இதெல்லாம் மாம்ச விருப்பம்" என்று சிலர் அந்தச் சகோதரிக்குப் புத்தி சொன்னார்கள். பிரியமானவர்களே, மனுஷன் தனிமையாயிருப்பது நல்லதல்ல என்று கர்த்தர் சொன்னது எப்போது? பாவம் உலகத்தில் பிரவேசிக்கும் முன்னே, ஏதேன் தோட்டத்திலேயே. மனைவியின் துணையில்லாமல் ஊழியம் செய்த அப்போஸ்தலனாகிய பவுலைப் பாருங்கள். தீமோத்தேயுவை மகன் என்கிறார். சிறையில் கிடைத்த ஒநேசிமுவையும் பிள்ளை என்கிறார். தெசலோனிக்கேயருக்கு எழுதும்போது, பிள்ளைகளைப் பாராட்டி வளர்க்கிற தாய்க்குத் தன்னையே ஒப்பிடுகிறார். அந்தத் தாய்மனசை அவருக்குக் கொடுத்தவர் யார்?

ஆனாலும் அந்தச் சகோதரிக்கு இன்னொன்றையும் சொன்னேன். சங்கீதம் 68-ல் ஐந்தாம் வசனம் தகப்பனற்ற பிள்ளையைப் பற்றிப் பேசுகிறது. ஆறாம் வசனம் தனிமையானவர்களுக்கு வீடு தருகிறதைப் பற்றிப் பேசுகிறது. இரண்டும் பக்கத்துப் பக்கத்து வசனம். ஆனால் பிள்ளைதான் முதலில் வருகிறது! நம் தனிமைக்கு மருந்தாக ஒரு பிள்ளையைக் கேட்கக்கூடாது. அந்தப் பிள்ளைக்கு ஒரு வீடு வேண்டும், அது முதலாவது. அந்த வீட்டிலே நம்முடைய தனிமையும் தீருமானால் அது கர்த்தருடைய கிருபை.

2. சட்டம் வாசலைத் திறந்திருக்கிறது

நம்மில் பலருக்கு இது தெரியாது. 1956-ல் வந்த தத்துச் சட்டம் கிறிஸ்தவர்களுக்குப் பொருந்தாது. நம்முடைய ஜனங்கள் 1890-ம் வருஷத்துச் சட்டப்படி கார்டியனாக மாத்திரமே இருக்க முடிந்தது. பிள்ளை மேஜரானதும் அந்த உறவு சட்டத்தின் கண்ணில் முடிந்துபோகும். சுதந்தரவீதமும் தானாய்க் கிடையாது. வளர்த்தவள் அம்மா என்று கூப்பிடப்பட்டாலும், காகிதத்தில் அவள் அம்மா அல்ல.

2000-ம் வருஷத்துச் சிறார் நீதிச் சட்டம் இதை மாற்றியது. எந்த மதத்தாரும் அந்தச் சட்டத்தின்கீழ் தத்தெடுக்கலாம் என்று 2014-ல் உச்சநீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. இப்போது 2015-ம் வருஷத்துச் சட்டம் நடைமுறையில் இருக்கிறது. கல்யாணமாகாதவர்களும், விதவைகளும் தத்தெடுக்கலாம். தனியாயிருக்கிற பெண் ஆண் பிள்ளையையோ பெண் பிள்ளையையோ எடுக்கலாம். தனியாயிருக்கிற ஆண், பெண் பிள்ளையை எடுக்க அனுமதியில்லை.

வயதுக் கணக்கும் உண்டு. தனி ஒருவர் 40 வயது வரைக்கும் 2 வயதுக்குட்பட்ட குழந்தைக்குப் பதியலாம். 45 வரைக்கும் என்றால் 2 முதல் 4 வயதுப் பிள்ளை. 50 வரைக்கும் 4 முதல் 8. 55 வரைக்கும் 8 முதல் 18. நம் சகோதரிக்கு 41. தம்பிமாருக்காகக் கொடுத்துவிட்ட வருஷங்களில் கைக்குழந்தையைத் தூக்குகிற வாய்ப்பும் போய்விட்டது. அதைக் கேட்ட அன்றைக்கு அழுதார்கள். பிறகு, "நடக்கிற பிள்ளையா வந்தா என்ன பாஸ்டர், அதுவா என்கிட்ட ஓடிவரும்ல" என்றார்கள்.

பதிவு 'காரா' என்கிற மத்திய தத்து வள ஆணையத்தின் இணையதளத்தில்தான். சமூகப் பணியாளர் வீட்டுக்கு வந்து விசாரிப்பார்கள். காத்திருப்போர் பட்டியல் நீளம், வருஷக்கணக்கில் ஆகும். கடைசியில், 2022 முதல் மாவட்ட ஆட்சியரே தத்து ஆணை கொடுக்கிறார். இதற்குள் யாராவது வந்து, "ஒரு ஆஸ்பத்திரியில குழந்தை இருக்கு, ரகசியமா வாங்கிக்கிடலாம்" என்றால், அதைக் கர்த்தர் திறந்த வாசல் என்று நினைத்துவிடாதிருங்கள். அது குற்றம், சிறைத்தண்டனை உண்டு. ஒரு தாயின் கண்ணீரை விலைபேசி வருகிற பிள்ளையைக் கர்த்தர் தந்தார் என்று எப்படிச் சாட்சி சொல்லுவோம்?

3. அடைபட்ட வாசல் எங்கே?

விசாரிக்க வந்த சமூகப் பணியாளர், "நாளைக்கு உங்களுக்கு ஒன்று ஆகிவிட்டால் பிள்ளையை யார் பார்ப்பார்கள்?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. மூத்த தம்பி கையெழுத்துப் போட மாட்டேன் என்று சொல்லிவிட்டார். "தத்துப் பிள்ளைன்னு எவன் நம்புவான்? ஊரு என்னெல்லாம் பேசும்?" என்றாராம். யார் சம்பளத்தில் படித்தாரோ, அந்த அக்காளுக்கு அவர் கொடுத்த பதில் அது.

சபைக்குள்ளேயும் பேச்சு எழும்பிற்று. "பிள்ளையைப் பிரதிஷ்டை பண்ணும்போது தகப்பன் இடத்துல யாரு நிப்பா?" என்று பெண்கள் ஜெபக்கூட்டத்தில் ஒருவர் கேட்டிருக்கிறார்.

சட்டம் திறந்ததை ஊர்ப்பேச்சு அடைக்கப் பார்க்கிறது. தகப்பன் இடத்தில் யார் நிற்பது? ஐந்தாம் வசனத்தை மறுபடியும் வாசியுங்கள், பதில் அங்கேயே இருக்கிறது. எஸ்தரைத் தன் மகளாக எடுத்து வளர்த்த மொர்தெகாய்க்கு மனைவி இருந்ததாக வேதம் சொல்லவில்லை. மோசேயைத் தண்ணீரிலிருந்து எடுத்த பார்வோனின் குமாரத்திக்குப் புருஷன் இருந்ததாகவும் சொல்லவில்லை. ஆனால் இந்த இரண்டு பிள்ளைகளைக் கொண்டும் கர்த்தர் ஒரு ஜாதியையே காப்பாற்றினார்!

தூரம் போகவேண்டாம். நம்முடைய திருநெல்வேலிச் சீமைக்கு அயர்லாந்து தேசத்திலிருந்து வந்த ஏமி கார்மைக்கேல் அம்மையார் கல்யாணமே செய்துகொள்ளவில்லை. 1901-ல் கோவிலிலிருந்து தப்பி வந்த ஒரு சிறுமியைச் சேர்த்துக்கொண்டார்கள். அதுதான் ஆரம்பம். டோனாவூரில் அடைக்கலம் பெற்ற எத்தனையோ பிள்ளைகளுக்கு அவர்களே தாய். 1951-ல் அங்கேயே மரித்தார்கள். அவர்கள் கல்லறையில் பட்டமும் பதவியும் இல்லை. அம்மா என்று பொருள்படும் ஒரே வார்த்தைதான் பொறித்திருக்கிறது.

தேவபிள்ளைகளே, நாமெல்லாரும் யார்? புத்திர சுவிகாரம் பெற்றவர்கள் என்று ரோமர் 8-ம் அதிகாரம் சொல்லுகிறது. சுவிகாரம் என்றாலே தத்துதான்! தத்துப் பிள்ளைகளாகிய நாம் பிதாவின் வீட்டில் உட்கார்ந்துகொண்டு, இன்னொரு தத்துப் பிள்ளையை "யாரு பெத்ததோ" என்று பேசலாமா?

அந்த வீட்டில் நடந்ததையும் சொல்லுகிறேன். இளைய தம்பியின் மனைவி, வீட்டில் தையல் மெஷின் போட்டுப் பிழைக்கிற சகோதரி, "மதினி, நான் இருக்கேன். நான் எழுதித் தாரேன்" என்று முன்வந்தாள். தெரிந்தவர்கள் கொடுக்கவேண்டிய கடிதத்தை எங்கள் சபை மூப்பர் ஒருவர் எழுதிக்கொடுத்தார். பதிவு முடிந்தது. இதை எழுதுகிற இன்றைக்கும் சகோதரி வரிசையில் காத்திருக்கிறார்கள். பிள்ளை வருமா, எப்போது வரும் என்று நான் தீர்க்கதரிசனம் சொல்லமாட்டேன். கர்த்தர் சொல்லாததை நான் சொல்லக்கூடாது. ஒருவேளை வராமலே போனாலும் அவர்கள் கர்த்தருக்கு முன்பாகக் குறைந்தவர்கள் அல்ல. ஏசாயா 56-ம் அதிகாரத்தில், பிள்ளையில்லாத தம்முடைய ஊழியக்காரருக்குக் குமாரர் குமாரத்திகளிலும் மேலான பேரைத் தருவேன் என்று வாக்களித்தவர் உண்மையுள்ளவர்.

நாம் செய்யவேண்டியது ஒன்றுண்டு. இனி ஜெப வரிசையில் தனியாயிருக்கிறவர்களையும் கூப்பிடுங்கள். அவர்கள் தத்தெடுக்க விரும்பினால் கையெழுத்துப் போடுங்கள். நைட் டியூட்டி வந்தால் பிள்ளையை உங்கள் வீட்டில் படுக்க வையுங்கள். ஊர் பேசினால், "அது எங்க சபைப் பிள்ளை" என்று சொல்லுங்கள். தனிமையானவர்களுக்குக் கர்த்தர் தருகிற வீட்டுக்கு நாமே சுவர்கள்.

ஜெபிப்போம்: எங்கள் பரம தகப்பனே, எங்களைச் சுவிகாரம் செய்துகொண்ட உமது அன்புக்காக ஸ்தோத்திரம். பிள்ளைக்காக ஏங்குகிற தனித்த உள்ளங்களைத் தேற்றும். வீட்டுக்காக ஏங்குகிற பிள்ளைகளைக் காத்துக்கொள்ளும். இருவருக்கும் நடுவே எங்கள் நாவு தடையாய் நிற்காதபடி எங்களுக்குக் கிருபை தாரும். இயேசுவின் நாமத்தில், ஆமென்.