விதைச் சோளமும் குஞ்சு மீனும்

கரிசல் காட்டு மனிதனுக்குக் கடலைத் தெரியாது, கருவாட்டைத்தான் தெரியும். தூத்துக்குடியிலிருந்து கோவில்பட்டிக்குக் கூடை சுமந்து வரும் ஒரு கிழவியிடம் வாடிக்கையாக வாங்குகிறேன். ஒருநாள் அவள் அள்ளிப் போட்டதெல்லாம் விரல் நுனியளவுப் பொடிகள்.

"இதெல்லாம் குஞ்சல்லவா, ஆத்தா?" என்றேன்.

"பெரிசு எங்கே கெடக்கு அய்யா? கெடைக்கிறதத்தானே கொண்டாறேன்" என்றாள்.

அவள் மேல் என்ன குற்றம்? 1952இல் நார்வேயின் உதவியோடு கேரளக் கரையில் மீன்பிடியை இயந்திரமயமாக்கும் திட்டம் பிறந்தது. பின்னால் இறால் ஏற்றுமதியில் பணம் கண்டதும், விசைப்படகும் இழுவலையும் தமிழ்க் கரையிலும் பெருகின. இழுவலை கடலடியைச் சுரண்டிக்கொண்டு போகும். இறாலோடு குஞ்சும் குருமானும் மடியில் சேரும். விலை போகாததைக் 'கழிசல்' என்று ஒதுக்கிக் கோழித் தீவனத்துக்கு அனுப்புகிறார்கள். கடல் சூடேறுவது வேறு சேர்ந்துகொண்டது.

படகுக்காரரைக் கேட்டால், "நான் விட்டால் அடுத்த படகு அள்ளும், கடனுக்கு வட்டி யார் கட்டுவது?" என்பார். அதுவும் நியாயந்தான். ஆளுக்கொரு நியாயம், கூட்டிப் பார்த்தால் அநியாயம்! கனடாவின் நியூபவுண்ட்லாந்துக் கரையில் காட் மீன் அப்படித்தான் தீர்ந்தது. 1992இல் அங்கே மீன்பிடிப்பையே நிறுத்தினார்கள். முப்பது வருஷம் கடந்தும் பழைய வளம் திரும்பவில்லை.

என் பாட்டி பஞ்ச காலத்தில் புளியங்கொட்டையை அவித்துக் கொடுத்தாள். விதைச் சோளக் கலயத்தின் மூடியைத் திறக்கவில்லை. 'அந்தக் கட்டுப்பாடு கடற்கரையில் இல்லையே' என்று முதலில் பெருமையாக நினைத்தேன். பெருமை நிலைக்கவில்லை. பாட்டியின் புஞ்சைக்கு வரப்பு இருந்தது. அவள் விட்டுவைத்த விதையை அடுத்த வீட்டுக்காரன் அள்ளிக்கொண்டு போக முடியாது. வரப்பில்லாத நிலத்தடி நீரை நாங்கள் என்ன செய்தோம்? அவன் இருநூறு அடி போட்டால் நான் முந்நூறு அடி போட்டேன். கடல்காரனுக்கும் கரிசல்காரனுக்கும் குணத்தில் வித்தியாசமில்லை, வரப்பில்தான்.

ஆகவே வரப்பு வேண்டும். 1983ஆம் ஆண்டுச் சட்டம் கரையோரம் மூன்று கடல்மைலை நாட்டுப்படகுகளுக்கு ஒதுக்கியது. 2001 முதல் மீன்கள் இனப்பெருக்கம் செய்யும் பருவத்தில் விசைப்படகுகளுக்கு 45 நாள் தடை. 2017 முதல் அது 61 நாள். ஆனால் தண்ணீரில் போட்ட வரப்பு கண்ணுக்குத் தெரியாது. மனசிலும் ஒன்று இருந்தால்தான் நிற்கும். அது படகுக்காரர் மனசில் மட்டும் இருந்தால் போதுமா? கூடைக்கு முன்னால் குந்தியிருக்கும் என் மனசில்?

அன்று கிழவியை வெறுங்கையோடு அனுப்ப மனம் வரவில்லை. வாங்கினேன். வீட்டில் கத்தரிக்காய் போட்டுக் குழம்பு வைத்தார்கள்.

நன்றாகத்தான் இருந்தது. அதுதான் சங்கடம்.