பழைய கட்டிடமும் நடுநிலை நோக்கும்

பழைய வணிகக் கட்டிடம் ஒன்று வரலாற்றுச் சிறப்புடையதா எனத் தீர்மானிக்க எதனை அளவுகோலாகக் கொள்வது? பழமை ஒன்றே போதுமா? போதாது. பழையன யாவும் போற்றத்தக்கன அல்ல என்பதை நம்மினும் நன்கறிந்தவர் யாவர்?

மும்பையின் காலாகோடாப் பகுதியிலுள்ள எஸ்பிளனேடு மாளிகையை எடுத்துக்கொள்வோம். முன்னாளில் அது வாட்சன் ஓட்டல். அதன் வார்ப்பிரும்புச் சட்டகம் இங்கிலாந்தில் செய்யப்பட்டுக் கப்பலில் வந்து, 1860களின் இறுதியில் இங்கே பொருத்தப்பட்டது. 1896 சூலை 7ஆம் நாள் லூமியேர் சகோதரர்களின் சலனப்படங்கள் இந்தியாவில் முதன்முதலாகக் காட்டப்பட்டது அவ்விடத்திலேதான்; கட்டணம் ஒரு ரூபாய். பிற்காலத்தில் ஓட்டல் மூடப்பட்டது. கட்டிடம் சிறு அறைகளாகத் தடுக்கப்பட்டு, அலுவலகங்களும் குடித்தனங்களும் அதில் நிறைந்தன.

2005ஆம் ஆண்டில் ஒரு பகுதி இடிந்து விழ, ஓர் உயிர் போயிற்று. 2019இல் நீதிமன்ற ஆணையின்பேரில் அங்கிருந்தோர் வெளியேற நேர்ந்தது. இடிப்பதே தக்கது என்றனர் மும்பை இந்தியத் தொழில்நுட்பக் கழக வல்லுநர். செப்பனிட்டுக் காக்கலாம் என்றனர் மரபுக் கட்டிட அறிஞர் சிலர்.

இங்கே இரு கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன. அது சிறப்புடையதா என்பது ஒன்று. அது நிலைக்க வேண்டுமா என்பது மற்றொன்று. இடிக்க விரும்புவோர் அதற்குச் சிறப்பே இல்லை என்கின்றனர். காக்க விரும்புவோர் அபாயமே இல்லை என்கின்றனர். இருசாராரும் தம் விருப்பத்தையே உண்மையென நம்புகின்றனர். ஆலையில் துணி சோதிப்பவர், அதனை வாங்குபவர் யாரெனக் கேட்பதில்லை. இழையை மட்டுமே பார்ப்பார். நமக்கும் அந்நோக்கே வேண்டும்.

‘ஐரோப்பியருக்கென்றே நடந்த விடுதியன்றோ அது? அதற்கு நாம் ஏன் சிறப்பளிக்க வேண்டும்?’ என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வியே. ஆயினும் வரலாற்றுச் சிறப்பு என்பது பாராட்டன்று. சாட்சி சொல்லும் தகுதியாகும். ஒதுக்கியவனின் வாயிற்படியும் ஒதுக்கலுக்குச் சாட்சியே. அதனை அழித்துவிட்டால், ஒதுக்கலே நிகழவில்லை என்று நாளை ஒருவன் துணிந்து கூறுவான்.

ஆகவே புகழ்பெற்ற விருந்தினரின் பெயர்களை மட்டும் எண்ணித் தீர்ப்பளித்தல் ஆகாது. அவ்விரும்பைத் தூக்கிப் பொருத்திய கைகள் எவை? தடுக்கப்பட்ட அறைகளில் பிழைத்த எளியோர் யாவர்? இவற்றையும் கேட்டறிந்த பின்னரே தீர்ப்பு முழுமையுறும்.

சிறப்புடையதெனக் கண்ட பின்னரும், கல்லினும் இரும்பினும் மனித உயிர் பெரிது என்பதில் ஐயமில்லை. செப்பனிட்டுக் காக்க இயலுமாயின் காக்க வேண்டும். இயலாதாயின் அளந்து, படமெடுத்து, அங்கு வாழ்ந்தோரின் வாய்மொழியையும் எழுதிவைத்த பின்னரே இடிக்க வேண்டும். வெளியேறியோருக்கு மாற்றிடம் தேடுவதும் அக்கடமையைச் சேர்ந்ததே. தோன்றியது ஒருநாள் மறையும். அதனைத் தடுக்க எவராலும் இயலாது. மறைவதற்குமுன் அதைப்பற்றிய உண்மையைப் பதிந்துவைத்தல் நம்மால் இயலும்.