உயிருள்ள மரத்தில் ஏறிய கொடி



கொச்சியில் மட்டாஞ்சேரிக்குச் சென்று வந்தவர்கள் அங்குள்ள மணத்தை மறப்பதில்லை. 1568-இல் எழுந்த யூத ஜெபாலயத்திற்குப் போகும் தெருவிலும் அதனை அடுத்த சந்துகளிலும் பழைய கிடங்குகள் நிற்கின்றன. மிளகும் சுக்கும் ஏலமும் மூட்டை மூட்டையாக வந்து போன இடங்கள் அவை. மிளகுக்கென்றே முன்பேர வணிகச் சங்கம் ஒன்று 1957-இல் இங்கே தோன்றியது. இன்று அக்கிடங்குகளுள் பல பழம்பொருள் கடைகளாகிவிட்டன. ஆயினும் சுவரில் ஊறிய மணம் போகவில்லை. மனத்தில் படிந்த பதிவுகளுக்கு நம் சாஸ்திரங்கள் 'வாசனை' என்று ஏன் பெயரிட்டன என்பதை விளக்க இதைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியாது.

சில ஆண்டுகளுக்கு முன் அங்கே சத்சங்கம் முடிந்தபின், மிளகு வியாபாரக் குடும்பத்தைச் சேர்ந்த ஓர் அன்பர் தம் சங்கடத்தைச் சொன்னார். இடுக்கி மலைப்பகுதியில் அவருக்குப் பரம்பரை நிலம் சிறிது உண்டு. பலாவும் ஆஞ்சிலியும் பாக்கும் நிறைந்த பழைய தோட்டம். மரத்துக்கு மரம் மிளகுக்கொடி. அவருடைய மகன், "மரங்களை மொத்தமாக விற்றால் தங்கையின் கல்யாணம் முடிந்துவிடும். பிறகு நிலத்தைக் கொத்திச் சமப்படுத்தி ஒரே பயிராக வைக்கலாம் அப்பா" என்கிறாராம்.

"சுவாமிஜி, மரம் இறைவனின் வடிவம் என்கிறீர்கள். மகளின் கல்யாணமும் இறைவன் தந்த கடமைதானே? நான் எதைச் செய்வது?"

நியாயமான கேள்வி. மரத்தை வெட்டாதே என்று மேடையில் அமர்ந்து சொல்வது எளிது. சொல்லுகின்ற சந்நியாசிக்கு மகளும் இல்லை, கடனும் இல்லை. அன்று நான் உடனே விடை சொல்லவில்லை. மறுநாள் பேசுவோம் என்றேன். இரவு முழுவதும் இக்கேள்வி என்னோடிருந்தது.

மலைகளிலிருந்து இந்தக் கடற்கரைக்கு இரண்டு செல்வங்கள் இறங்கி வந்துள்ளன. முதலாவது மிளகு. சங்ககாலத்தில் முசிறியிலே யவனரின் மரக்கலங்களில் ஏறியது இதுவே. 1341-இல் பெரியாறு பெருகித் தடம் மாறியபோது முசிறி மங்கிக் கொச்சித் துறைமுகம் திறந்தது என்பர். பின்னர் போர்ச்சுகீசியர் வந்தனர், டச்சுக்காரர் வந்தனர், ஆங்கிலேயர் வந்தனர். எல்லாரையும் இழுத்து வந்தது அந்தச் சிறு கறுப்பு மணிதான். இத்தனை நூற்றாண்டு பறித்தும் மிளகு தீரவில்லை. ஏனெனில் மிளகைப் பறிக்க மரத்தை வீழ்த்த வேண்டியதில்லை. மரம் நின்றால்தான் மிளகு உண்டு.

இரண்டாவது செல்வம் காட்டு மரம். பொள்ளாச்சி வழியாகப் பரம்பிக்குளம் சென்ற தமிழன்பர்கள் சிலர் அதன் எச்சங்களைப் பார்த்திருக்கக்கூடும். அங்கிருந்து சாலக்குடிவரை ஏறக்குறைய 80 கிலோமீட்டர் தூரத்துக்குக் கொச்சி சமஸ்தானம் ஒரு வனரயில் பாதை அமைத்தது. 1907 முதல் 1963 வரை அது ஓடிற்று. தேக்கும் ஈட்டியும் அதில் இறங்கி, சாலக்குடியில் பெரிய ரயிலுக்கு மாறின. பிறகு துறைமுகம், பிறகு கடல். செங்குத்தான சரிவுகளில் ஓர் ஏற்பாடு செய்திருந்தனர். மரமேற்றிய வண்டி தன் பாரத்தாலேயே கீழே இறங்கும். வடத்தால் அதனோடு பிணைக்கப்பட்ட வெற்று வண்டி மேலே ஏறும். வியக்கத்தக்க பொறியியல் என்பதில் ஐயமில்லை. ஆனால் நான் அந்த வெற்று வண்டியை எண்ணிப் பார்க்கிறேன். மலை நிறைத்து அனுப்பியது. நாம் திருப்பி அனுப்பியது வெறுமை. வெட்டிய இடங்களில் தேக்கு நட்டார்கள் என்பதும் உண்மையே. ஆனால் நூறு வகை மரமும் கொடியும் பூச்சியும் பறவையும் கூடி வாழ்ந்த இடத்தில் வரிசையாக ஒரே மரத்தை நட்டால் அது தோட்டமாகும், காடாகாது.

அதே பரம்பிக்குளத்தில் கன்னிமரா தேக்கு என்னும் பழம்பெரும் மரம் இன்றும் நிற்கிறது. வெட்ட முற்பட்டபோது இரத்தம் பீறிட்டது என்றும், அதனால் அம்மரத்தை மலைமக்கள் வணங்கலாயினர் என்றும் ஒரு கதை வழங்குகிறது. இரத்தமா, மரத்தின் சாறா என்று வாதிட வேண்டாம். கோடரியை ஓங்கியவன் நெஞ்சில் ஒரு கணம் தயக்கம் பிறந்தது. அந்தத் தயக்கம் மரத்தைக் காத்தது.

கீதையின் மூன்றாம் அத்தியாயம் உயிர், உணவு, மழை, வேள்வி, செயல் ஆகியவற்றை ஒன்றையொன்று சுழற்றும் சக்கரமாகக் காட்டுகிறது. பெற்றுக்கொண்டு திருப்பித் தராதவனை அது திருடன் என்றே அழைக்கிறது. கடுமையான சொல்தான். வேள்வி என்றவுடன் நாம் நெய்யையும் சமித்தையும் நினைக்கிறோம். ஒரு மலைத் தோட்டத்தில் அது எப்படி நடக்கிறது என்று பாருங்கள்.

மிளகுக்கொடி புல்லுருவி அன்று. அதன் பற்றுவேர்கள் மரப்பட்டையைப் பிடித்துக்கொள்ளுமே தவிர, மரத்தின் சாற்றை உறிஞ்சுவதில்லை. தாங்குகின்ற மரம் முள்முருங்கையானால் அது காற்றிலுள்ள தழைச்சத்தை வேரில் சேர்த்து மண்ணுக்குத் தருகிறது. பருவமழைக்கு முன் அதன் கிளைகளைக் கழிக்கிறார்கள். கொடிக்கு வெளிச்சம் கிடைக்கிறது, கழித்த தழை மண்ணுக்கு மூடாக்காகிறது. ஆண்டுக்குச் சுமார் 3000 மில்லிமீட்டர் மழை பொழியும் தேசத்தில், சரிவான நிலத்தைக் கொத்தித் திறந்து போட்டால் மேல்மண் ஆற்றோடு போய்விடும். சருகு மூடிய மண்ணிலோ மழைத்துளி நேரே விழாது. நீர் மெல்ல இறங்கிக் கோடையில் ஊற்றாகிறது. கீழே மஞ்சளும் சேனையும், இடையில் வாழையும் பாக்கும், மேலே பலாவும் ஆஞ்சிலியும். மண்ணைப் புரட்டாதே, மூடியே வை, பலவற்றைக் கலந்து நடு என்று இன்றைய வேளாண் அறிஞர்கள் 'பாதுகாப்பு வேளாண்மை' என்ற பெயரில் சொல்வதன் சாரம் இத்தோட்டங்களில் முன்பே இருந்தது.

ஒன்றையே நம்பியவர்கள் பட்ட துன்பத்தையும் சொல்ல வேண்டும். 2005 வாக்கில் கேரளத்தில் காணப்பட்ட ஒரு நுண்ணிய குளவி, முள்முருங்கையின் தளிரெல்லாம் முடிச்சுகளை உண்டாக்கிற்று. அம்மரத்தை மட்டுமே தாங்கலாக வைத்திருந்த வயநாட்டுத் தோட்டங்களில் மரங்கள் பட்டுப்போக, கொடிகளும் சரிந்தன. வியட்நாமில் பல இடங்களில் வெட்டிய கம்பங்களிலும் சிமெண்டுத் தூண்களிலும் கொடியேற்றி ஏராளமாக விளைவித்தார்கள். உலகச் சந்தையில் நம்மை முந்தினார்கள். பிறகு நோய் வந்து தோட்டம் தோட்டமாகக் கொடிகள் மடிந்ததையும் கண்டார்கள். கொடிக்குக் கொழுகொம்பு வேண்டும் என்பது நம் பக்தி இலக்கியம் அறிந்த உவமை. முல்லைக்குத் தேரீந்த பாரியின் கருணை பெரிது. ஆனாலும் தேர் வெட்டிய மரந்தானே! உயிருள்ள தாங்கல் இலையும் நிழலும் தரும்.

மறுநாள் அந்த அன்பர் மகனோடு வந்தார். நான் சொன்னதன் சுருக்கம் இது: "தோட்டத்து மரத்தை வெட்டுவது பாவம் என்று நான் சொல்ல மாட்டேன். 1980-களின் இறுதியில் கேரளத்து இயற்கைக் காடுகளில் மரம் வெட்டுவது நின்றது. ஆனாலும் வீட்டுக்குக் கதவும் காயலுக்குப் படகும் வேண்டியிருக்கின்றன. அதற்கான மரம் பெரும்பாலும் உங்களைப் போன்றோரின் வீட்டுத் தோட்டங்களிலிருந்து வருகிறது. நீங்கள் ஓர் ஆஞ்சிலியை வளர்த்து விற்றால் காட்டிலுள்ள ஒரு மரம் பிழைக்கிறது. ஆகவே முதிர்ந்ததை விற்கலாம். விற்ற இடத்தில் நடவேண்டும். மொத்தமாக அழித்தால் உங்கள் பேரன் மரத்துக்கு எங்கே போவான்? காட்டுக்குத்தான் போவான்."

மகன் படித்தவர். "கணக்கு சரியாக இருக்க வேண்டும், சுவாமிஜி" என்றார். "கணக்குப் போட்டே செய்யுங்கள்" என்றேன்.

அப்போது தந்தை, மலையாள நாட்டில் எல்லாரும் அறிந்த கதையொன்றை நினைவூட்டினார். போர்ச்சுகீசியர் மிளகுக்கொடிகளைத் தம் நாட்டுக்குக் கொண்டுபோக அனுமதி கேட்டனராம். சாமூதிரியின் அவையினர் பதறினர். கொடியைத்தான் கொண்டுபோவார்கள், நம் திருவாதிரை ஞாற்றுவேலையைக் கொண்டுபோக முடியுமா என்று சிரித்தாராம் அமைச்சர். (நமக்குத் திருவாதிரை என்றால் மார்கழி நினைவு வரும். இது சூரியன் அந்த நட்சத்திரத்தில் நிற்கும் ஆனி மாதத்து இருவாரம். வெயிலும் மழையும் மாறிமாறி வரும், மிளகு நடும் பருவம்.) பின்பு அன்பர் மெல்லிய குரலில், "இப்போது அந்த மழையும் சொன்ன நாளில் வருவதில்லை, சுவாமிஜி" என்றார். அதற்கு நானும் ஒன்றும் சொல்லவில்லை.

அடுத்த ஆண்டு அவரிடமிருந்து கடிதம் வந்தது. முதிர்ந்த ஆஞ்சிலி மூன்றை மட்டும் விற்றார்களாம். கல்யாணத்திற்குக் கொஞ்சம் கடன் வாங்க வேண்டியிருந்தது என்பதையும் மறைக்காமல் எழுதியிருந்தார். மரம் விழுந்த இடங்களில் பலா, ஆஞ்சிலி, முள்முருங்கை என்று கலந்து கன்று வைத்தார்களாம். ஆனியில் மகனே முன்னின்று, நின்றிருந்த மரங்களின் வடபுறமாகக் குழியெடுத்து மிளகுத் தண்டுகளை நட்டாராம். அவ்வாண்டு மழை பத்து நாள் பிந்தியது. அதுவரை அவர் கீழே ஓடையிலிருந்து குடத்தில் நீர் சுமந்து ஊற்றினாராம்.