விற்கப்படும் காதுகள்

வானொலியும் தொலைக்காட்சியும் நிகழ்ச்சிகளை விற்பதில்லை, நம்மை விற்கின்றன. விளம்பரத் தொழிலின் அரிச்சுவடி இதுதான். பாட்டு நம்மைப் பிடித்து உட்கார வைக்க. உட்கார்ந்த பிறகு நம் காது பத்து பத்து விநாடியாக விலைபோகும். எஃப்.எம்.மில் காலை 7 முதல் 11 வரை, மாலை 5 முதல் 9 வரை விலை கூடுதல். ‘டிரைவ் டைம்’ என்பார்கள்.

இதில் மோசடி இருப்பதாக நான் நினைக்கவில்லை. விவித் பாரதியில் 1967-லும் தூர்தர்ஷனில் 1976-லும் விளம்பரம் வந்தபோதே ஓர் எழுதாத ஒப்பந்தமும் கூடவே வந்துவிட்டது. பாட்டு போடுறோம், நடுவுல எங்க ஆளு ரெண்டு வார்த்தை பேசுவாரு, பிடிக்கலன்னா அணைச்சுக்கோங்க. 1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் தயாரான சான்ட்ரோவை ஷாரூக் கான் டிவியில் விற்றபோதும், வேண்டாம் என்றால் சேனலை மாற்றிவிட முடிந்தது. மொத்த நியாயமும் அந்த ‘அணைச்சுக்கோங்க’வில்தான் நிற்கிறது.

நான் வாலாஜாபாத்திலிருந்து ஒரகடத்துக்கு கம்பெனி பஸ்ஸில் போகிறவன். ஐம்பது பேருக்கு ஒரு ரேடியோ. அதன் குமிழ் டிரைவர் அண்ணன் கையில். ‘டிரைவ் டைம்’ என்று பெயர் வைத்தவர், சொந்தக் காரில் குமிழைத் தன் கையில் வைத்திருப்பவரைத்தான் மனதில் நினைத்திருப்பார். எங்களுக்கு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்ளலாம், அவ்வளவுதான். காதுக்கு இமை கிடையாது.

லைனில் எங்கள் விநாடிகளை எண்ணுகிறார்கள், அதற்குச் சம்பளமும் உண்டு. பஸ்ஸில் போகிற நேரம் கம்பெனி கணக்கில் வேலை நேரம் இல்லை. ரேடியோக்காரர் கணக்கில் மட்டும் அதற்கு விலை இருக்கிறது. எங்களைக் கேட்காமல், எங்களுக்குப் பங்கில்லாமல், எங்கள் நேரம் கைமாறுகிறது. இது சரியா?

இந்தச் சண்டை ஏற்கெனவே ஒருமுறை நடந்திருக்கிறது. வாஷிங்டன் நகரப் பேருந்துகளிலும் டிராம்களிலும் ஒலிபெருக்கி வைத்துப் பாட்டும் விளம்பரமும் போட்டார்கள். இரண்டு பயணிகள் வழக்கு தொடுத்தார்கள். 1952-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றப் பெரும்பான்மை, போடலாம் என்றது. பயணிகளில் அதிகம் பேர் எதிர்க்கவில்லை என்ற கணக்கெடுப்பும் துணைக்கு இருந்தது. நீதிபதி டக்ளஸ் மட்டும், தனியாக விடப்படும் உரிமை பஸ்ஸில் ஏறியதும் போய்விடாது என்று மாற்றுத் தீர்ப்பு எழுதினார். பிராங்க்ஃபர்ட்டர் விசாரணையிலேயே உட்காரவில்லை. நானே அதில் அவதிப்பட்டவன், என்னால் நடுநிலையாக இருக்க முடியாது என்று ஒதுங்கிக்கொண்டார். எனக்கு அவரை ரொம்பப் பிடிக்கும்.

நான் டக்ளஸ் பக்கம், ஆனால் வேறு காரணத்துக்காக. அவர் அமைதியைப் பற்றிக் கவலைப்பட்டார். எனக்கு விலைதான் உறுத்துகிறது. நம் நாட்டு கேபிள் டிவி விதிகள் மணிக்கு 12 நிமிடத்துக்கு மேல் விளம்பரம் கூடாது என்கின்றன. அளவு பார்க்கிறார்கள், சரி. கேட்பவரால் எழுந்து போக முடியுமா என்று யாரும் பார்ப்பதில்லை.

பஸ்ஸில் இதைச் சொன்னால் அடிக்க வருவார்கள். “பாட்டு இல்லாம எப்படிண்ணே, தூங்கிடுவோம்” என்றான் பக்கத்து சீட் தம்பி, கான்ட்ராக்ட் பையன். அவன் சொன்ன இன்னொன்றுக்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை. “கார் விளம்பரத்துலதான்ணே நம்மள ‘நீங்க, உங்க குடும்பம்’னு கூப்பிடுறான். உள்ள போனா ‘டேய் இங்க வா’தான்.” அந்த மரியாதை பத்து விநாடிக் கூலிக்குப் பேசப்பட்டது என்று அவனுக்கும் தெரியும். தெரிந்தே ரசிக்கிறான். கூலிக்கு வந்த மரியாதை என்று அதைத் தள்ளிவிட, மாதச் சம்பளக்காரனான எனக்கு என்ன உரிமை இருக்கிறது?

இப்போது பாதிப் பேர் காதில் இயர்போன். அதிலும் விளம்பரம் வருகிறது, ஆனால் ஐந்து விநாடியில் பெரும்பாலும் தள்ளிவிட முடிகிறது. நைட் ஷிஃப்ட் முடிந்து திரும்பும் பஸ்ஸில்தான் யாராவது ஒருவர், “அண்ணே, கொஞ்சம் குறைங்க” என்பார். டிரைவர் அண்ணன் குறைப்பார், அணைக்கமாட்டார். அணைத்தால் அவருக்குத் தூக்கம் வந்துவிடும்.