தறிக்குழி யாருடையது?

பாலராமபுரத்துச் சாலியர் தெருக்களில் உள்ள பழைய நெசவு வீடு ஒன்றை அறிய விரும்புவோர், அதன் முன்கட்டின் தரையில் வெட்டப்பட்ட குழியை முதலில் பார்க்க வேண்டும். குழித்தறி என்பது, நெசவாளர் தரைமட்டத்தில் அமர்ந்து, கால்களைக் குழிக்குள் இறக்கி, மிதிகளை மாற்றி மாற்றி மிதித்தபடி, பாவு நூல்களுக்கிடையே நாடாவைக் கையால் வீசி நெய்யும் தறியாகும். மண்ணின் ஈரப்பதம் பருத்தி இழை அறுபடாமல் காக்கும் என்பதால் தறி தரையோடு தரையாக ஊன்றப்படுகிறது. வீட்டை விட்டு அதனைப் பிரித்தெடுப்பது எளிதன்று. தொழிலும் குடியிருப்பும் இவ்வாறு ஒரே மண்ணில் வேர்கொண்ட வீடு எவருக்கு உரியது என்பது சட்டத்தின் வினாவாக இருக்கும்போதே, இறந்தோருக்கும் இருப்போருக்கும் இனிப் பிறப்போருக்கும் இடையிலான கடப்பாடு பற்றிய சமய வினாவாகவும் விரிகிறது.

1798 முதல் 1810 வரை திருவிதாங்கூரை ஆண்ட பாலராமவர்மாவின் காலத்தில், அரண்மனைக்கு மெல்லிய பருத்தி ஆடை நெய்துதரத் தமிழ்ச் சாலியர் குடும்பங்கள் வரவழைக்கப்பட்டு இங்கே குடியமர்த்தப்பட்டன. அரசரின் பெயரே ஊரின் பெயராயிற்று. இடம் அளித்த அந்த அரசமரபோ, 1750இல் மார்த்தாண்டவர்மா நிகழ்த்திய திருப்படிதானத்தின் வழியாக நாடு முழுவதையும் பத்மநாபசுவாமிக்கு ஒப்படைத்துவிட்டு, பத்மநாபதாசர் என்ற பெயரில் ஆண்டுவந்த மரபு. தமக்கு உரியதன்று என்று அறிவித்த மண்ணை ஒருவர் பிறருக்கு வழங்குவது எப்படி? உடைமை அனைத்தையும் தானமாக அளிக்க வேண்டிய விசுவஜித் வேள்வியைப் பற்றிப் பேசுமிடத்தில், நிலம் எல்லோருக்கும் பொதுவானதால் அதனைத் தானம் செய்ய இயலாது என்று ஜைமினியின் மீமாம்சை சூத்திரம் முன்னரே முடிவு கூறியிருந்தது. அந்நோக்கில் அரசர் அளிக்கக்கூடியது மண்ணைக் காத்துப் பயன்கொள்ளும் பொறுப்பு மட்டுமே. நெசவாளர் குடும்பம் பெற்றதும் அப்பொறுப்பின் ஒரு கூறே.

தந்தைவழிக் குடும்பங்களில் இப்பொறுப்பு தலைமுறைக்குத் தலைமுறை கைமாறிய முறையை, யாஞ்ஞவல்கிய ஸ்மிருதிக்கு விஞ்ஞானேசுவரர் எழுதிய உரையான மிதாட்சரம் விளக்குகிறது. மகன் பிறந்த கணத்திலேயே முன்னோர் சொத்தில் உரிமை பெறுகிறான் என்பது அதன் துணிபு. வங்கத்து ஜீமூதவாகனர் தமது தாயபாகத்தில் இதனை மறுத்து, தந்தையின் இறப்புக்குப் பிறகே உரிமை தோன்றும் என்றார். நாளை பிறக்கவிருக்கும் குழந்தையின் பங்கு இன்றைய குடும்பத் தலைவரின் கையைக் கட்டும் மிதாட்சரக் கொள்கை, தம்மை உடைமையாளராக அன்றி இடைக்காலக் காவலராக எண்ணும் மனநிலையை வளர்த்தது என்பதில் உண்மையான மேன்மை உண்டு.

ஆயினும் அம்மேன்மையில் ஒரு பிளவு ஓடுகிறது. சபிண்டர் எனப்படும் நெருங்கிய உறவினரை, ஒரே உடலின் கூறுகளைப் பகிர்வோர் என்றே விஞ்ஞானேசுவரர் வரையறுத்தார். மகளும் அதே உடலின் கூறுதான், அப்படியிருந்தும் பிறப்புரிமை அவளுக்கு அளிக்கப்படவில்லை. சொத்துரிமை சாத்திரத்தால் மட்டும் பிறப்பதன்று, உலக வழக்கால் அறியப்படுவது என்று வாதிட்டவரும் அவரே. நெசவு வீட்டின் உலக வழக்கு எது? விடியுமுன் தெருவில் நீளமாக இழுத்துக் கட்டிய பாவுக்குக் கஞ்சி பூசி, வெயில் ஏறுவதற்குள் தூரிகையால் நீவி இழை இழையாகப் பிரிக்கும் வேலையைக் குடும்பமே கூடிச் செய்தது. நாடாவுக்குள் பொருத்தும் ஊடை நூலைச் சிறு தாரில் சுற்றித் தருவது பெரும்பாலும் பெண்களின் கைவேலை. தார் தீர்ந்தால் நாடா நின்றுவிடும்.

1956 நவம்பர் 1ஆம் நாள் திருவிதாங்கூரின் தமிழ்த் தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்தபோது பாலராமபுரம் அடங்கிய நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றதால், பாறசாலையைக் கடந்தவுடன் மாநிலம் மாறும் இந்நிலப்பகுதியில் வீடு எவருக்கு உரியது என்ற ஒரே வினாவுக்கு இரண்டு விடைகள் உருவாயின. கேரளம் 1975இல் இயற்றி 1976 டிசம்பர் 1 முதல் நடைமுறைப்படுத்திய சட்டத்தால் இந்துக் கூட்டுக்குடும்ப முறையையும் பிறப்புரிமையையும் நீக்கியது. தமிழ்நாடோ பிறப்புரிமையை வைத்துக்கொண்டே, 1989இல் அதுவரை மணமாகாத மகள்களுக்கும் அதனை விரிவாக்கியது. முதல் விடை கூட்டுக்குடும்பத்தில் இருந்தோருக்குத் தனித்தனிப் பங்கை உறுதிசெய்து, இனிப் பிறப்போரைக் கணக்கிலிருந்து விடுவித்தது. இரண்டாவது, காவல் என்ற கருத்தைக் கைவிடாமலே காவலர் யார் என்பதைத் திருத்தியது. சமயக் கருத்தின் உள்ளிருந்தே அதன் குறையைச் சரிசெய்ததால், இரண்டாவதே மிதாட்சரத்தின் மெய்யான வழித்தோன்றல் எனத் தகும்.

பாகப்பத்திரம் வீட்டைச் சென்டுக் கணக்கில் அளந்து எல்லை குறிக்கும். ஆயுத பூசையன்று சந்தனமும் குங்குமமும் பெற்று ஓய்ந்திருக்கும் தறியின் அருகே, ஊடை நூல் சுற்றும் இராட்டைக்கும் அதே பொட்டு இடப்படுகிறது.