துணைநிற்றலின் அறம்: தாதர் தரும் சான்று

தன்பால் ஈர்ப்பினர்மீதான வெறுப்பை எதிர்த்து, அவ்வினத்தைச் சாராத ஒருவர் துணைநிற்பது எத்தகைய அறம் என்னும் வினா ஆய்விற்குரியது. மராத்தியில் 'சமாஜ் ஸ்வாஸ்த்ய' இதழை நடத்திய ரகுநாத் தோண்டோ கர்வே, தன்பால் உறவு முதலியன பற்றி வாசகர் கேட்டவற்றிற்கு விடையளித்தமைக்காக 1934இல் ஆபாசக் குற்றச்சாட்டிற்கு ஆளானார். அவருக்காக வாதாடியவர், தாதரில் 'இராஜகிருகம்' என்னும் இல்லம் அமைத்து வாழ்ந்த அம்பேத்கர்.

வக்கிரமான வினாக்களுக்கு விடை எதற்கு என்பது நீதிபதியின் ஐயம். வக்கிரமே ஆயினும் அதனை அறிவன்றி வேறெதனால் நீக்கவியலும் என்பது அம்பேத்கர் தரப்பு. இது முழுமையான ஏற்பு அன்று. 'ஆயினும்' என்னும் சொல்லே அதனைக் காட்டிவிடுகிறது. எனினும் வினவுவோரின் உரிமையை அவர் விட்டுக்கொடுத்தாரல்லர். பூனா ஒப்பந்தம் நிகழ்ந்து ஈராண்டும் நிறையாத அந்நிலையில், தம் சமூகப் போராட்டத்திற்கு ஊறு நேருமென ஒதுங்கியிருப்பினும் எவரும் குறைகூறியிரார். வழக்குத் தோற்றது, கர்வேக்கு 200 ரூபாய் தண்டம்.

தன்பால் உறவு குற்றமன்று என உச்ச நீதிமன்றம் 2018இல் தீர்ப்பளித்தது. 2021இல் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ், பெண்ணிணையர் இருவரின் வழக்கில், தம் புரிதல் குறைவென வெளிப்படையாக ஒப்பி, உளவியலாளரிடம் அமர்ந்து கேட்டறிந்தார். 1934இல் குற்றமெனப்பட்ட வினாவை இம்முறை நீதிபதியே எழுப்பினார். பாலீர்ப்பை 'மாற்றும்' மருத்துவ முயற்சிகளை அவர்தம் ஆணை தடைசெய்தது.